சுருட்டுத் தொரைக்குச் சோறு

கோழி வெந்துவிட்டது. மூடியைத் தூக்கினால் மிளகு வாசம் நேரே மூக்கில் ஏறுகிறது, உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றால் முடியாது, தொரைக்கு ஆக்குகிற சாப்பாட்டில் உப்புப் பார்க்கக் கூடாது, காரத்துக்குக் கொச்சிக்காய் போடக் கூடாது, அடுப்பு முன்னால் நின்று இருமக் கூடாது, வாயில் எச்சில் ஊறினால் விழுங்கக் கூடாது, வெளியே போய்த் துப்பி வாயைக் கொப்புளித்துவிட்டு வர வேண்டும். விழுங்கினால் அவருக்கு முன்னால் நாம் தின்ற மாதிரி. அவர் என்று வருகிறது பார் வாயில், அவனுக்கு முன்னால். அப்பா துப்பப் போவதைப் பார்த்திருக்கிறேன், கோழி வேகிற நேரம் முழுக்க அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பார், என்னாப்பா என்று கேட்டால், "பசிக்கி ஊறுதும்மா, வேற என்னா" என்பார். வருசத்தில் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கோழி வேகிறது அந்த ஒரு நாள்தான், அதுவும் எங்களுக்கு இல்லை, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்கு. இந்தத் தோட்டத்தை ஆண்ட சுருட்டுத் தொரை, அஞ்சாம் நம்பர் மலையில் தேயிலைக்கு நடுவில் புதைந்து கிடக்கிறான். கல்லில் அவன் நிசப்பேர் இங்கிலீசில் வெட்டியிருக்கிறது, அந்தக் காலத்தில் வாசிக்க ஆளில்லை, இப்போது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வாசித்துவிட்டுச் சுருட்டுத் தொரை என்றுதான் சொல்கின்றன. மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குச் சாப்பாடு போக வேண்டும். போகாவிட்டால் லயத்தில் பிள்ளை தங்காது. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள், அப்படித்தான் நானும் நம்பி வைத்திருக்கிறேன், நம்பவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் இன்றைக்குச் சொல்ல முடியுமா, இன்றைக்கு என் மகள் இந்திராணி டவுன் ஆஸ்பத்திரியில் வலியோடு கிடக்கிறாள், இரண்டு தங்காமல் போய் இது மூன்றாவது. விடியும்போதே மருமகன் யோகராஜ் போன் எடுத்தான், "அத்தே, உள்ளுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, என்னைய விடல," என்றான், "தொரைக்கிச் செய்யிறத நல்லாச் செஞ்சிருங்க அத்தே," என்றான். மூணுசில்லு ஆட்டோ ஓட்டுகிற பையன், தொரையைக் கண்ணால் கண்டவனில்லை, அவன் அப்பனும் கண்டவனில்லை. போனை இடுப்பில் சொருகியிருக்கிறேன். அது சூடாக இருக்கிறதா, என் இடுப்புதான் சுடுகிறதா.

தட்டு எனாமல் தட்டு, ஓரத்தில் நீலக்கோடு, பங்களாவிலிருந்து வந்தது. முள்ளுக்கரண்டியும் கத்தியும் அங்கிருந்து வந்ததுதான், வருசம் முழுக்கக் கோயில் பெட்டியில் மாரியம்மனுடைய சூலத்துக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடக்கும், அம்மனுக்கு இருக்கிற இடத்தில் பாதியை இவனுக்குக் கொடுத்திருக்கிறோம். தட்டுக்கு இடது கைப்பக்கம் முள்ளு, வலது கைப்பக்கம் கத்தி, மாற்றி வைத்தால் கோவிப்பான். பாண் துண்டில் பட்டர் தடவியாயிற்று, உருளைக்கிழங்கு அவித்தாயிற்று, அரைப்போத்தல் சாராயம், ஒரு சுருட்டு, நெருப்புப்பெட்டி. எல்லாவற்றையும் கூடையில் வைத்து வெள்ளைத்துணி போட்டு மூடி வாசலுக்கு வந்தால், லயத்துக் கோடியில் கோயில் தலைவர் சங்கிலி பல்குச்சியோடு நிற்கிறான். "என்னாங்கக்கா, இன்னும் கெளம்பலியா, தொரை பசி தாங்க மாட்டாரு," என்கிறான். தாங்க மாட்டாருன்னா நீயே தூக்கிட்டுப் போ தம்பி, என்றேன். "ஐயோ, எங்க வீட்டுச் சோறு செல்லுமா, சாபம் போட்ட வீட்டுச் சோறுதானே அவருக்கு," என்று சிரித்தான், சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "இந்திராணி?" என்றான். உள்ளுக்குக் கொண்டு போயிருக்காங்களாம். "அப்ப இன்னைக்கிக் கொற வைக்காதக்கா. சுருட்டு அணைஞ்சிருச்சுன்னா கன்னத்துல நல்லாப் போட்டுக்க. போன வருசம் லேசாத் தட்டிக்கிட்டு வந்துட்டியாமே, கொழுந்துக்காரிக பாத்துட்டு வந்து சொல்லிட்டாளுக." எவள் பார்த்தாள், எவள் சொன்னாள். நான் என்னை எவ்வளவு பலமாக அடித்துக்கொள்கிறேன் என்று பார்க்கிறதற்கு ஆள் இருக்கிறது. சரி தம்பி, என்று சொல்லிவிட்டு நடந்தேன். சரி தம்பி என்று ஏன் சொன்னேன். வாய் ஒரு மாதிரிப் பழகிவிட்டது, யார் எதைச் சொன்னாலும் முதலில் சரி வரும், இல்லை என்பது பத்தடி தள்ளிப் போன பிறகு நெஞ்சுக்குள் வரும்.

செருப்புப் போடக் கூடாது. அட்டை ஏறுகிறது, குனிந்து பிடுங்க முடியாது, கூடை தலையில். ஏறட்டும், அவன் குடித்ததில் மிச்சம் இருந்தால் நீ குடி. இந்தப் பாதையில்தான் அம்மா போயிருப்பாள், அன்றைக்கு, இந்த மேட்டில்தான் மூச்சு வாங்கியிருப்பாள். அம்மா பேர் வெள்ளைத்தாயி. நிறைமாசம். விடிகாலையில் தப்படித்தால் எல்லோரும் களத்தில் வரிசையாய் நிற்க வேண்டும், அதற்குப் பெரட்டு என்று பேர், தப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு வந்தால் லேட்டு. அம்மா லேட்டு. தொரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான், வாயில் சுருட்டு, அவள் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை, "அரைப்பேர், அஞ்சாம் நம்பர்," என்றான். அரைப்பேர் என்றால் நாள் முழுக்க வேலை, பாதி நாள் சம்பளம். அஞ்சாம் நம்பர் என்றால் ஆடே நின்று யோசித்து ஏறுகிற மலை. உச்சிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. கீழே ரோட்டில் கொழுந்து லொறி நிற்கிறது, ஏற்றினால் ஆஸ்பத்திரி, கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பா கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொரை காலைப் பிடித்தார், சப்பாத்தோடு சேர்த்துப் பிடித்தார், லொறிய ஒருவாட்டி விடுங்க தொரை என்று. அவனுக்குத் தமிழ் வரும், எங்களை ஏசுகிற அளவுக்கு வரும். "கொழுந்து வாடும்," என்றான். அவ்வளவுதான் சொன்னது, கொழுந்து வாடும். லொறி கொழுந்தோடு இறங்கிவிட்டது, வாடாமல் தூள் அரைக்கிற ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, வாடாத கொழுந்து தூளாகிக் கப்பலேறி எந்த ஊர் மேசைக்குப் போனதோ, எந்தப் பொம்பளை அதைக் கோப்பையில் ஊற்றி நல்ல வாசம் என்று சொன்னாளோ. அம்மாவைச் சுற்றிக் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டின படங்குச் சாக்குகளை அவிழ்த்து மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அம்மாவும் போனாள், அதுவும் போனது. அது ஆணா பெண்ணா என்று இன்றுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் பால்மா குடித்துக்கொண்டு இருந்திருப்பேன், எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா முகம்கூடத் தெரியாது, அவன் சொன்ன அந்த இரண்டு சொல் மட்டும் அவன் வாயிலிருந்தே கேட்ட மாதிரித் தெரியும். கஞ்சி ஆறும் என்று யாராவது சொன்னால்கூட எனக்கு அது கேட்கும். இந்திராணி வயிற்றில் கை வைத்துப் பார்த்த அன்றைக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் இப்போது யார் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, முகத்தைப் பார்க்கிறார்களா வயிற்றைப் பார்க்கிறார்களா.

மேல் நிரையில் கொழுந்துக்காரிகள், கையெல்லாம் பறக்கிறது, வாய் அதைவிட. "ஏ அங்கம்மாக்கா, ஒரு கோழிக்காலை மட்டும் இங்கிட்டுப் போட்டுட்டுப் போ!" என்கிறாள் ஒருத்தி. தின்னுப்புட்டு, தொரை ஒம்மேல ஏறி, வாயில சுருட்டோட அலையப் போறியாடி, என்கிறேன். "அலஞ்சா என்னா, மோட்டார் சைக்கிள் குடுப்பாகள்ல!" நிரை முழுக்கச் சிரிப்பு. "தொரைக்கு இந்நேரம் பல்லெல்லாம் கொட்டியிருக்கும், எலும்ப எடுத்துட்டு ஊட்டிவிடுக்கா." சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே கூடை தங்களைக் கடக்கும்போது மரியாதைக்கு முக்காட்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், அதைக் கவனித்தாயா, வாய் கேலி பேசுகிறது, கால் ஒதுங்குகிறது. என் அண்ணன் சடையனின் பெண்சாதி குழந்தாயி மட்டும் நிரையை விட்டு இறங்கி வந்தாள். அப்பாவுக்குப் பிறகு சடையன்தான் இந்தக் கூடையைச் சுமந்தான், அவனும் போய் ஆம்பிளைத் துணை அற்றுப்போன பிறகு என் தலைக்கு வந்தது. "போன் கீன் வந்துச்சா நாத்தனாரே?" இல்ல மதினி. "பயமா இருக்கா?" எனக்கென்ன பயம். அவள் என் முகத்தையே பார்த்தாள், கொழுந்தைப் பார்க்கிற மாதிரி, எது பிஞ்சு எது முற்றல் என்று பார்க்கிற மாதிரி. "எனக்குப் பயமா இருக்கு. ஒன் மூஞ்சி சரியில்ல. வச்சமா வந்தமான்னு வா, அங்க நின்னு எதையும் நெனச்சுக்கிட்டிருக்காத." நினைக்கக் கூடாதாம். உப்புப் பார்க்கக் கூடாது, விழுங்கக் கூடாது, நினைக்கக் கூடாது.

நினைக்காமல் எப்படி ஏற. இன்றைக்குக் காலையில் கோழியில் கொச்சிக்காய்த்தூளை ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன், கிடந்து எரியட்டும், மண்ணுக்குள் உருளட்டும், தண்ணீர் தண்ணீர் என்று தமிழில் கத்தட்டும். தூள் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன், எடுத்த கை இந்திராணி வயிற்றை நினைத்துக் கீழே வைத்துவிட்டது. பிறகு, எலி மருந்தை வைக்கலாமே என்றது மனசு, செத்தவனுக்கு எலி மருந்து, எனக்கே சிரிப்பு வந்தது, செத்தவனை இன்னொருதரம் கொல்ல முடியாமல் போனதுதான் எங்கள் வீட்டுத் துக்கம். ஒருதரம் கொன்றாயிற்று. அப்பா கொன்றார். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, ஈரமண்ணு ஒட்டின கையோடு பங்களா வாசலில் போய் நின்று மூன்று பிடி மண்ணை அள்ளித் தூற்றி, "இந்த மண்ணே ஒன்னய முழுங்கும்டா," என்றாராம். அடித்து விரட்டினார்கள். அந்த மாசி முடியுமுன்னே, மோட்டார் சைக்கிளோடு அஞ்சாம் நம்பர் பள்ளத்தில் விழுந்து கழுத்தொடிந்து செத்தான். அப்பா வாழ்க்கையில் ஜெயித்த ஒரே சண்டை அது. ஒரு மாசமாவது தலையை நிமிர்த்தி நடந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன், தப்படித்துக்கொண்டு குடித்து ஆடியிருப்பார் என்று. ஆனால் பிள்ளைக்காம்பராவில் காய்ச்சல் வந்தது, வரிசையாகப் பிள்ளைகள் சாகத் தொடங்கின, எனக்கும் வந்து பிழைத்தேனாம். குறி கேட்டார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், அரை ஆயுசில் போன தொரை பசியோடு அலைகிறார், மிளகுக்கோழி கேட்கிறார், சுருட்டுக் கேட்கிறார், சாபம் போட்ட வீட்டுக் கையால்தான் வேண்டுமாம், அந்தக் கை சலாம் போட்டுச் சோறு போட்டால்தான் ஆறுவாராம். அட பாவி பூசாரி. எங்கள் அப்பனுடைய ஒரே வெட்டுக்கத்தியைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே வைத்துவிட்டாயே. பெண்சாதியைக் கொன்றவனுக்குப் பொங்கிப் போட்டார் அப்பா, சாகும்வரை பொங்கிப் போட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சலாம் தொரை, சாப்பாடு ரெடிங்க," என்று கல்லைப் பார்த்துச் சொல்லும்போது அவர் குரல் எங்கேயோ போய்விடும், வீட்டில் எங்களை அதட்டுகிற குரல் இல்லை, நாய்க்குட்டிக் குரல். சுருட்டு அணைந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பளார் பளார் என்று கேட்கும். தேயிலையில் குருவிகள் எழுந்து பறக்கும்.

தோழர் தேவசகாயம் இதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். சங்கத்து ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுப்பார். ஏகாதிபத்தியம். சொல்லும்போதே வாய் நிறைந்துவிடும், சோளப்பொரியை ஒரே வாயில் போட்ட மாதிரி. குச்சியால் மண்ணில் கீறிக் காட்டுவார், இது நம்ம மலை, இது கப்பல், இது அவன் மேசை. "நம்ம சாப்பாட்ட அவன் எடுத்துக்கிட்டான், அது பாதிதான். அவன் சாப்பாட்டப் பத்தி நம்மள யோசிக்க வச்சுட்டான் பாருங்க, அதுதான் மீதி." என் பெரியாத்தா ஒருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள், "அவந்தான் கப்பலேறிப் போயிட்டானே தோழரே, இன்னும் என்னாத்துக்கு அவனப் போட்டு இழுக்குறீங்க?" தோழர் குச்சியை அஞ்சாம் நம்பர் மலையைப் பார்த்து நீட்டினார். "போனவனுக்கா வருசா வருசம் கோழி போகுது?" எனக்கு அப்போது கல்யாணம் ஆகாத வயசு, காதெல்லாம் சுட்டது, எங்கள் அப்பாவைச் சொல்கிறாரே என்று கோவம், சரியாகத்தான் சொல்கிறார் என்று அதைவிடக் கோவம். தோழரை எனக்குப் பிடிக்கும். அவர் பிள்ளைக்கு வலிப்பு வந்தது ஒரு வருசம், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார், வேதக்கோயிலிலும் மெழுகுதிரி ஏற்றினார், பிறகு ஒருநாள் அந்தியில் நான் விறகோடு இறங்கி வரும்போது தொரை கல் முன்னால் ஒரு ஆள் குந்திக்கொண்டு நெருப்புக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்க்கிறது, காற்றில் பற்றவில்லை. தோழர். என்னைப் பார்த்துவிட்டு எழும்பவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை, "கொஞ்சம் மறச்சுப் பிடி தங்கச்சி," என்றார். நான் விறகை இறக்கிவிட்டுக் கையைக் குவித்துப் பிடித்தேன். சுருட்டுப் பற்றியது. பிள்ளை பிழைத்தது, தோழர் ஆளே சுருங்கிப்போனார், பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை, லீவுச் சம்பளம் பற்றியும் லயத்துக் கூரை பற்றியும் பேசிவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் எனக்கு அது விளங்கினது பாடத்தில் இல்லை, அந்தக் குவித்த கைக்குள்தான். தெரிந்தவன் நெஞ்சுக்குள்ளேயும் ஏறி உட்கார்ந்துகொள்கிற பயம், சுருட்டுத் தொரை உயிரோடு இருக்கிற மட்டும் சம்பளம் கொடுத்து அடித்தான், செத்த பிறகு சம்பளமே இல்லாமல் அடிக்கிறான், அதுவும் நம் கையால், நம் கன்னத்தில். இப்போது இருக்கிற தொரை நம்ம நிறம்தான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர்தான், அவர் ஜீப்பு வந்தாலும் என் கை தானாக முக்காட்டுக்குத்தான் போகிறது. யார் கை இது.

வந்துவிட்டது. கல். எங்கள் அம்மாவைப் புதைத்த இடத்தில் பிறகு தேயிலை நட்டுவிட்டார்கள், எந்தச் செடிக்குக் கீழே என்று அப்பாவுக்கே தெரியாமல் போய்விட்டது, அவள் மேல் கொழுந்தெடுத்திருப்பேன், நானே எடுத்திருப்பேன். இவனுக்கு மட்டும் கல், கல்லைச் சுற்றி இரும்புச் சங்கிலி, அந்த இரும்புக்கு நாங்களே அடித்த வெள்ளை. கூடையை இறக்கித் தட்டை வைத்தேன். இடது பக்கம் முள்ளு, வலது பக்கம் கத்தி. பாண், கிழங்கு, கோழி. சாராயத்தைத் திறந்து வைத்தேன். முக்காட்டை எடுத்தேன். சலாம் தொரை, என்றேன், சாப்பாடு ரெடிங்க. அப்பாவின் அதே குரல் என் தொண்டையிலிருந்து வருகிறது, நாய்க்குட்டிக் குரல், எங்கேயிருந்து வந்தது, நான் கற்றுக்கொள்ளவே இல்லையே. என் மகளைக் காப்பாத்துங்க தொரை, என்றேன். சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தது அது ஒன்றுதான், அதுதான் முதலில் வந்துவிட்டது. அம்மாவுக்கு லொறி தராதவனிடம் மகளைக் கேட்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுருட்டைப் பற்றவைத்துக் கல்லில் இருக்கிற பொத்தலில் சொருகினேன். புகை நேராக எழுந்தது, நல்லது, இழுக்கிறான், இந்திராணிக்கு நல்லது, அப்படித்தானே, புகை எழுந்தால் நல்லது, கொஞ்சம் எழுந்தது, வளைந்தது, மெலிந்தது, நூல் மாதிரி ஒன்று போனது. அணைந்துவிட்டது.

கை தானாக எழும்பியது. மேல் நிரையில் குழந்தாயி நிமிர்ந்து பார்க்கிறாள், தெரிகிறது, மற்றவளுகளும் பார்க்கிறார்கள், நல்லாப் போட்டுக்க என்று சங்கிலி சொன்னது காதில் நிற்கிறது, பலமாகப் போட்டால் பிள்ளை தங்கும், எவ்வளவு பலமாக, அப்பா போட்டுக்கொண்டாரே அவ்வளவு பலமாகவா, அத்தனை வருசம் போட்டுக்கொண்டும் இந்திராணிக்கு இரண்டு போயிற்றே, அந்த இரண்டு வருசமும் சுருட்டு அணையவே இல்லையே, கடைசிவரைக்கும் புகைந்ததே, நான்தானே நின்று பார்த்தேன். இது ஏன் எனக்கு இதுவரை தோன்றவில்லை. கடைசிவரைக்கும் புகைந்தது. தின்றுவிட்டு, குடித்துவிட்டு, சுருட்டும் பிடித்துவிட்டுத்தான் சும்மா கிடந்தான். தூக்கின கை கன்னத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதில் கோழி வாசம், மிளகு வாசம், வாயில் எச்சில் ஊறுகிறது, துப்ப வேண்டும், அந்தப் பக்கம் போய்த் துப்ப வேண்டும், அப்பா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். விழுங்கினேன்.

விழுங்கியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை, குருவிகூடக் கத்தவில்லை. பிறகு உட்கார்ந்தேன், கல்லின் மேலேயே, அவன் நெஞ்சு இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன், முழங்கால் வலிக்கு நல்ல உயரம். மேலே எவளோ "ஐயோ அக்கா!" என்றாள். முள்ளுக்கரண்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன், தட்டை மடியில் வைத்தேன், காலைப் பிய்த்து வாயில் வைத்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு. இத்தனை வருசமும் குறைவாகத்தான் இருந்திருக்கும், சொல்ல ஆளில்லாமல் தின்றிருக்கிறான். டேய், என்றேன், நல்லாச் சத்தமாக, மலைக்குக் கேட்கிற மாதிரி, இது எங்கப்பன் எச்சி முழுங்காம வெளியில போய்த் துப்புன சோறுடா. மெல்ல மெல்ல மிளகு தொண்டையில் இறங்குகிறது, கண்ணில் தண்ணீர், அழுகையா காரமா, காரம்தான் என்று வைத்துக்கொள். எங்கள் அம்மா உன் மேட்டில் மறைப்புக்குள் கிடந்து கேட்டதை நீ கொடுக்கவில்லை, நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன், நீ காத்திரு இப்போது, பசியோடு காத்திரு, கிட்டத்தில் சாப்பாடு இருக்க வாய்க்கு வராமல் கிட. சோறு ஆறும்டா, நான் திங்கணும். எலும்பைத் தட்டில் போட்டேன். அதுதான் உனக்கு. அரைப்பேர்கூட இல்லை, எலும்பு. மேல் நிரையில் கை நின்றுவிட்டது, ஒருத்தியும் கொழுந்தெடுக்கவில்லை, குழந்தாயி வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், சொல்லட்டும், கீழே போய்ச் சங்கிலிக்குச் சொல்லட்டும், லேசாத் தட்டிக்கொண்டு வந்தாள் என்று சொன்னவளுக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

அப்போதுதான் இடுப்பில் போன் துடித்தது. வயிற்றுக்குள் பிள்ளை துடிக்கிற மாதிரியே துடித்தது. கை முழுக்க எண்ணெய். இப்போது சொல்லப் போகிறான். கெட்டது என்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள், கிழவி தின்றாள், தொரை எடுத்துக்கொண்டார் என்பார்கள், நானே அப்படி நினைத்துவிடுவேனோ, நானும் நினைப்பேன், ராத்திரியெல்லாம் நினைப்பேன். நல்லது என்றால், அதைவிடப் பயமாக இருக்கிறதே இது, நல்லது என்றால் தொரை கொடுத்தார் என்பார்கள். யோகராஜ் அழுதுகொண்டு சொல்வான், தொரை கண்ணத் தொறந்துட்டாரு அத்தே என்பான். பிள்ளைக்கு மொட்டை போட்டு இந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து கிடத்துவார்கள், அது வளர்ந்து ஒரு நாள் இந்தக் கூடையைத் தூக்கும், சுருட்டு அணைந்தால் தன் கன்னத்தில், இல்லை. கெட்டது என் தலையில் விழட்டும். நல்லது மட்டும் இவன் தலையில் விழக் கூடாது, ஒரு பொட்டுக்கூட விழக் கூடாது. போன் அடிக்கிறது. சாராயப் போத்தலை எடுத்து எண்ணெய்க்கையில் ஊற்றிக் கழுவினேன், முழுசையும் ஊற்றினேன், கல்லெல்லாம் வழிந்து ஓடுகிறது, முந்தானையில் துடைத்தேன், பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன். "அத்தே," என்றான், குரல் உடைந்து கிடந்தது, எந்தப் பக்கத்துக்கு உடைந்தது என்று தெரியவில்லை, "அத்தே, இந்திராணிக்கு..."

"இரு," என்றேன். "நீ சொல்றதுக்கு முந்தி நான் ஒன்னு சொல்லிக்கிறேன், நல்லாக் கேட்டுக்க, பக்கத்துல இருக்கிறவுகளுக்கும் சொல்லு. தொரைக்கி இன்னைக்கிச் சோறு இல்ல. நான்தான் தின்னேன். அவன் கல்லு மேல குந்திக்கிட்டுத் தின்னேன். அவன் வெறும் வயித்தோட கெடக்கான்."

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்பச் சொல்லு."